எல்லாரையும் இறந்தவங்களாப் போட்டவ

உக்காருங்க தம்பி. ஃபேனைக் கூட்டி வைக்கேன். ஆப்பிளெல்லாம் எதுக்கு, எனக்குச் சுகர். சரி, இருக்கட்டும், வாங்கிட்டு வந்ததைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அந்த மேசையில வைங்க.

"பெரியம்மா, மரத்தைப் பாத்துட்டு வந்தேன்"னு வாசல்ல நின்னு சொன்னீங்க. பக்கத்துத் தெருவுல கூடப்பொறந்த தம்பி இருக்கான், தாணுன்னு. அவன் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேங்கான். நீங்க என்னடான்னா பம்பாயில இருந்து பாளையங்கோட்டைக்கு வந்திருக்கீங்க. சிதம்பரம் சித்தப்பாவுக்கு மகன் வழிப் பேரன்னு சொல்லுதீங்க. இண்டர்நெட்டுல எங்க குடும்ப மரத்தைப் பாத்து, அதுல உங்க தாத்தா பேரைப் பாத்து, விசாரிச்சு விசாரிச்சு என் வீட்டுக்கு வந்திருக்கீங்க. அந்த மரத்தைப் பாத்துட்டு சந்தோசமா என் வீடு தேடி வந்த முத ஆளு நீங்கதான். மத்தவங்களெல்லாம் சண்டைக்குத்தான் வந்தாங்க.

வடிவு பேரையும் மரத்துல பாத்தேன்னு சொல்லி அவளைப் பத்திக் கேட்டீங்க. வந்து உக்காரும் முன்னாடியே கேட்டீங்க, அவ இப்ப எந்த ஊர்ல இருக்கான்னு. சொல்லுதேன். தாணு மகதான் வடிவு. சண்முகவடிவுன்னு எங்க அம்மா பேரு. அவ புருஷன் அவளைத் தேடிக்கிட்டுத் திரியுதான். கண்ணுல பட்டா என்ன செய்வான்னு சொல்ல முடியாது. அவனுக்குப் பயந்து அவ ஒளிஞ்சிருந்த ஊரு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு, அதுக்குக் காரணம் உலகம்மாள்தான்னு எங்க சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் சொல்லுதாங்க. நாந்தான் காட்டிக் கொடுத்தேனாம். நான் இல்லைன்னு சொல்லுதேன். நீங்க வெளியாளு மாதிரி, முழுசாக் கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

காப்பி போடுதேன், பேசிக்கிட்டே போடலாம். அடுக்களை இங்கனதான், நான் சொல்லுதது கேக்கும்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தவ. ஆபரேட்டர். இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு அது என்ன வேலைன்னே தெரியாது. அப்ப திருநெல்வேலியில இருந்து மெட்ராஸுக்குப் பேசணும்னா எங்ககிட்ட புக் பண்ணிட்டுக் காத்துக்கிடக்கணும். நாங்க லைன் போட்டுக் கொடுப்போம். லைன் சரியா விழுந்துச்சான்னு கேக்கிறதுக்குக் காதை வைப்போம்லா, அப்ப என்னவெல்லாம் காதுல விழும் தெரியுமா? எந்த டாக்டர் எந்த வீட்டுக்குப் பேசினாரு, எந்தப் பொண்ணு நிச்சயம் எதுக்கு நின்னுது, அத்தனையும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளிய விட்டிருப்பனா? எங்க அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. இந்த ஊர்ல பாதிப் பேரு ரகசியம் என் காதுக்குள்ள கிடக்கு. என்னைப் பாத்து, வாய் நீண்டவ, குடும்பத்தைச் சந்தி சிரிக்க வச்சிட்டான்னு சொல்லுதாங்கன்னா எனக்கு எப்படி இருக்கும்?

சீனி போதுமா பாருங்க.

இது எல்லாத்துக்கும் ஆரம்பம் சாஸ்தா கோயில் கும்பாபிஷேகம். எங்களுக்குக் குலதெய்வம் சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்கு எங்க இருந்தாலும் வந்துருவாங்க. கும்பாபிஷேகத்துக்கு ஒரு மலர் போடணும், அதுல வம்சாவளி போடணும்னு எங்க பெரியப்பா மகன் பெருமாளண்ணன் சொன்னாரு. எல்லாக் கிளைக்காரங்க விவரத்தையும் சேகரிக்க ஆள் வேணும். யாரு இருக்கா? உலகம்மாள் இருக்கா. கல்யாணம் கிடையாது, புள்ளைகுட்டி கிடையாது, ரிட்டயர் ஆயிட்டா, ஃபோன்ல பேசத் தெரியும். நான் ஒவ்வொரு வீடாக் கூப்பிட்டேன். டெல்லி, நாக்பூர், கொழும்பு, எல்லா இடத்துக்கும். ஒரு கிழவர் காது கேக்காதவரு, அவர்கிட்ட அவர் அப்பா பேரை வாங்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு. ஆம்பளை பேரு, பொம்பளை பேரு, வேலை, ஊரு, அம்புட்டும் எழுதி அண்ணன் கையில கொடுத்தேன்.

மலர் அச்சாகி வந்துச்சு. கோயில்ல வச்சுத் தந்தாங்க. விரிச்சுப் பாக்குதேன், ஒரு பொம்பளை பேரு கிடையாது. எங்க அப்பாவுக்குக் கீழ தாணுமூர்த்தின்னு ஒரே ஒரு பேரு. அப்பாவுக்கு முத பிள்ளை நான். என் பேரு இல்ல. நான் கேட்டு எழுதிக் கொடுத்த வம்சாவளியில என் பேரு இல்ல.

அண்ணன்கிட்ட போய்க் கேட்டேன். சாப்பாட்டுப் பந்தியில நின்னுக்கிட்டிருந்தாரு. அவரு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு, "பொம்பளைப் பிள்ளைங்க கட்டிக் கொடுத்த வீட்டு மரத்துல வருவாங்க உலகு."

"என்னை யாருக்கும் கட்டிக் கொடுக்கலையே அண்ணே. நான் எந்த மரத்துல வருவேன்?"னு கேட்டேன்.

அவரு பந்திக்கு ரசம் வரலைன்னு சத்தம் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு. நான் சாப்பிடாம வந்துட்டேன். எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கல.

அன்னைக்கே முடிவு பண்ணேன். நான் ஒரு மரம் போடுவேன், அதுல பொம்பளைங்க எல்லாரும் இருப்பாங்க. நீ முந்நூறு புஸ்தகம் அடிச்சு ஊருக்குள்ள கொடுத்தேல்லா, நான் உலகத்துக்கே காட்டுதேன்னு. கம்ப்யூட்டரை நானே கத்துக்கிட்டேன். குடும்ப மரம் போடுறதுக்குன்னே வெப்சைட்டு இருக்கு, பேரை அடிக்க அடிக்கக் கட்டம் கட்டமா விரிஞ்சுக்கிட்டே போகும். ராப்பகலா அதே வேலைதான். அடுப்புல பாலை வச்சிட்டு மறந்துபோயி எத்தனை பாத்திரம் கருகிச்சு. எங்க பூட்டி, அவ அக்கா தங்கச்சி, பிரசவத்துல செத்துப்போனவ, அறியாத வயசுல தாலியறுத்து மூலையில உக்காந்தவ, ஒருத்தி விடாமக் கொண்டாந்தேன். ஆம்பளைகளுக்கு மட்டும் தாசில்தார், ஓவர்சியர்னு மலர்ல போட்டிருந்தாங்கல்லா, நான் பொம்பளைகளுக்கும் வேலையைப் போட்டேன். டீச்சரு, நர்சு, தையல், பீடி சுத்தினவன்னா பீடி சுத்தினவன்னு. இதுல எது தப்புன்னு சொல்லுங்க.

எல்லாம் போட்டு முடிச்சு, வெளிய இருந்து பாத்தா எப்படித் தெரியுதுன்னு பக்கத்து வீட்டு ஃபோன்ல தொறந்து பாத்தேன். தம்பி, வயிறு எரிஞ்சு போச்சு. செத்தவங்க பேரெல்லாம் தெரியுது. உயிரோட இருக்கிறவங்க எல்லாரும் சாம்பக் கலர் கட்டம். 'உயிருடன் உள்ளவர்'னு மட்டும் போட்டிருக்கு. பேரு இல்ல, ஊரு இல்ல, ஃபோட்டோ இல்ல. அது அந்த வெப்சைட்டோட சட்டமாம். இருக்கிறவங்க விவரத்தை ஊரான் பாக்கக் கூடாதாம். பெருமாளண்ணன் எங்களை விட்டுட்டாரு, இது எங்களை மூடி வச்சிருச்சு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கொஞ்ச நேரம் நோண்டிப் பாத்தேன். ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல ஒரு கேள்வி இருக்கு, உயிரோட இருக்காரா, இறந்துட்டாரான்னு. முதல்ல என் பேர்லதான் போட்டுப் பாத்தேன். இறந்தவர். போட்ட உடனே சாம்பல் போயி என் பேரு வந்துச்சு. உலகம்மாள், டெலிபோன் ஆபரேட்டர், பாளையங்கோட்டை. எங்க வம்சத்துக்குள்ள என் பேரை அன்னைக்குத்தான் முத தடவையாப் பாத்தேன். ஒத்தையில உக்காந்து அழுதுட்டேன் தம்பி. சந்தோசத்துலதான்.

அப்புறம் என்ன, எல்லாருக்கும் போட்டுட்டேன். ஆம்பளை பொம்பளை, கிழவன் குமரி, ஒருத்தரை விடல. நூத்துக்கணக்குல உயிர்கள். அது ஒரு பொத்தான், அம்புட்டுத்தான. பேரு தெரியணும்னு போட்டது. இதுக்குப் போயி குடும்பமே என்ன ஆட்டம் ஆடுச்சு தெரியுமா?

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, நானே சிரிச்சேன். பெருமாளண்ணனுக்கு எண்பதாம் கல்யாணம் வருது. பத்திரிகை அடிச்சாச்சு. அமெரிக்காவுல இருக்கிற அவரு மச்சினன் மகன் மரத்தைப் பாத்திருக்கான். பெருமாள், இறந்தவர். பய பதறிப்போயி துக்கம் விசாரிக்க ஃபோன் போட்டிருக்கான். ஃபோனை எடுத்தது யாரு? அண்ணனே எடுத்திருக்காரு. மாமா எப்படித் தவறினாங்கன்னு அவர்கிட்டயே கேட்டிருக்கான். குரலைத்தான் கேக்கணும், அவரு வீட்டுல இருந்து கத்தினது ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டிருக்கும். மதினி தாலியைக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதாளாம். கட்டுக்கழுத்திய முண்டச்சியாக்கிட்டாளே பாவின்னு. ஆயுள் ஹோமம் ஒண்ணு கூடுதலாப் பண்ணாங்க, அந்தப் புகைக்கும் என்னையத்தான் வஞ்சாங்க.

நான் போட்டதுனால யாராவது செத்தாங்களா? ஒருத்தரு செத்தாரு, ஆறுமுகப் பெரியப்பா. அவருக்குத் தொண்ணூறு தாண்டியாச்சு, படுக்கையில கிடந்தாரு. அதுக்கும் என் தலையிலதான் பழி. குடும்ப வாட்ஸப் குரூப்புல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க. தூக்கினா தூக்கட்டும், தினமும் காலையில பூப் படம்தான் போடுவாங்க.

ம்? ஆமா, ஆமா. வடிவு. அதுக்குத்தான் வாரேன். அவசரப்படாதீங்க, பஸ்ஸு நிறைய இருக்கு.

வடிவை என் மகள்னுதான் சொல்லணும். பொறந்தது தாணுவுக்கும் அவன் பொண்டாட்டி பார்வதிக்கும், வளந்தது இந்த வீட்டுல. ஸ்கூல் விட்டா நேரா இங்கதான் வருவா. அவளைக் கட்டிக் கொடுத்தாங்க. அவன் பேரை என் வாயால சொல்ல மாட்டேன். ஜவுளிக்கடை, நல்ல சம்பந்தம்னு பெருமாளண்ணன்தான் கொண்டாந்தாரு. கட்டிக்கிட்டுப் போன ரெண்டாம் மாசமே அடி. மொதல்ல கன்னத்துல, அப்புறம் கண்ட இடத்துல. கையை முறிச்சான் ஒரு நாளு. கட்டோட வந்து நின்னா. பெரியவங்க எல்லாம் கூடிப் பேசி, ஆம்பளைன்னா கோவம் வரும், அனுசரிச்சுப் போன்னு திருப்பி அனுப்பினாங்க. தாணு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். அடுத்த தடவை அவ அப்பா வீட்டுக்குப் போகல, நேரா என் வீட்டுக்கு வந்தா. ஒரு பை, அம்புட்டுத்தான். பின்னாலயே அவன் வந்தான். கதவைத் தொறக்கலையே நான். உள்ள இருந்துக்கிட்டே, போலீசுக்கு லைன் போட்டுட்டேன்டா, இன்னும் ரெண்டு நிமிசம் நில்லுன்னு சொன்னேன். ஓடிட்டான்.

என்கூட எக்ஸ்சேஞ்சுல இருந்த ஸ்டெல்லா தஞ்சாவூர்ல இருந்தா. அவகிட்டச் சொல்லி அங்க ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலை வாங்கிக் கொடுத்தேன். வடிவு அதுக்குத்தான் படிச்சிருந்தா. லேடீஸ் ஹாஸ்டல்ல ரூம். ஸ்டெல்லாவை விட்டா, அவ எங்க இருக்கான்னு தாணுவுக்கும் பார்வதிக்கும் எனக்கும்தான் தெரியும். கொஞ்ச நாள்ல அவ குரலே மாறிப் போச்சு. ஃபோன்ல சிரிக்க ஆரம்பிச்சா. ஹாஸ்டல்ல சாம்பார் எப்படி இருக்கும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. வெள்ளைக் கோட்டு போட்டு, கண்ணாடி போட்டு, சென்டர் போர்டு பக்கத்துல நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பினா. அதைப் பாத்துப் பாத்து எனக்குப் பூரிப்பு தாங்கல.

மரத்துல போட்டேன். ஆமா, போட்டேன். சண்முகவடிவு, ஸ்கேன் டெக்னீஷியன், தஞ்சாவூர். அந்த ஃபோட்டோவையும் போட்டேன். எல்லாரையும் மாதிரி அவளையும் இறந்தவங்கள்ல போட்டதுனால எல்லாம் வெளிய தெரிஞ்சுது. போடாம? கையை முறிச்சு மூலையில போட்ட பொண்ணு எந்திரிச்சு நிக்கா, அதை நாலு பேரு பாக்க வேண்டாமா? அனுசரிச்சுப் போன்னு சொன்ன பெரிய மனுசங்க பாக்க வேண்டாமா? நம்ம பொண்ணுங்க எதுக்கு ஒளிஞ்சிருக்கணும்? தப்புப் பண்ணவன்தான் ஒளியணும்.

அவன் பாத்துட்டான். அவ பேரைப் போட்டுத் தேடிக்கிட்டே இருந்திருப்பான் போல, ஒரு நாள் வந்து விழுந்துருச்சு. ஃபோட்டோவுல இருந்த போர்டு பேரோட. சாயங்காலம் வேலை முடிஞ்சு வெளிய வாரா, சென்டர் கேட்டு முன்னால நிக்கான். முடியைப் பிடிச்சு இழுத்துக் காருக்குள்ள தள்ளப் பாத்திருக்கான். வாட்ச்மேனும் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவரும் ஓடி வந்ததுனால உயிர் பிழைச்சா. கண்ணாடி நொறுங்கிப் போச்சு, நெத்தியில ரத்தம். அவ வேலைக்கு வந்த இடத்துல, அவளை மேடம்னு கூப்பிடுறவங்க முன்னாடி, தெருவுல. போலீசுல எழுதிக் கொடுத்தாங்க. அவன் ஜாமீன்ல வந்துட்டான்.

அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அடிச்சது அவன். முடியைப் பிடிச்சது அவன். எல்லாரும் என்னைய வந்து கேக்காங்க. பெருமாளண்ணன் கேக்காரு, சம்பந்தத்தைக் கொண்டாந்தவரு! தாணு வந்து வாசல்லயே நின்னுக்கிட்டு, நீ எனக்கு அக்காவே இல்லைன்னு சொல்லிட்டுப் போனான். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. போடா, நீ சபையில தலையைத் தொங்கப் போட்டவன்தானன்னு சொல்லி அனுப்பினேன்.

வடிவு ஃபோன் பண்ணா. ஆஸ்பத்திரியில இருந்து. நான் முந்திக்கிட்டு அவனைக் கண்டபடி வஞ்சேன். நான் நிறுத்தினதும் அவ சொன்னா, "அத்தை, உங்க பேரு வெளிய தெரியணும்னு உங்களுக்கு ஆசை. என் பேரு வெளிய தெரியாம இருந்தாத்தான் எனக்கு உயிரு. போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

நான் சொன்னேன், "கேட்டா வேண்டாம்னுதான சொல்லியிருப்ப? அதான் கேக்கல."

சரியாத்தான சொன்னேன்? அவ ஃபோனை வச்சிட்டா. கோவத்துல இல்ல, உடம்பு வலி, பேச முடியல.

பேரை எடுத்துருன்னு தாணு பொண்டாட்டி சொல்லி விட்டா. எடுக்க மாட்டேன்னேன். எங்க அம்மா பேரு அது. வம்சத்துல இருந்து ஒரு பொண்ணை அழிக்கிற வேலையை நான் பண்ண மாட்டேன், அதுக்கு வேற ஆளு இருக்காங்க. ஆனா ஒண்ணு செஞ்சேன். ஒவ்வொருத்தரா உக்காந்து உயிரைத் திருப்பிக் கொடுத்தேன். வடிவுக்கு முதல்ல. அப்புறம் மதினி, பெருமாளண்ணன், எல்லாருக்கும். அவரு மட்டும் கொஞ்ச நாள் செத்துக் கிடக்கட்டும்னு நினைச்சேன், பாவம்னு அவருக்கும் கொடுத்துட்டேன். ஆறுமுகப் பெரியப்பாவுக்கு மட்டும் கொடுக்க முடியல. கடைசியா என்னைய மாத்தினேன். இப்ப வெளிய இருந்து பாத்தா பழையபடி சாம்பக் கட்டம்தான். என் பேரும் தெரியாது. உள்ள இருக்கு. எனக்குத் தெரியும்.

காப்பி ஆறிப் போச்சே. குடிக்கவே இல்லையே நீங்க.

இது எல்லாத்தையும் மாத்தி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி. இப்ப அந்த மரத்துல வடிவு பேரு யாருக்கும் தெரியாது. நீங்க வடிவை மரத்துல பாத்தேன்னு சொல்லுதீங்க. மாத்துறதுக்கு முன்னாடி ஒருத்தன்தான் அதைப் படம் பிடிச்சு வச்சிருந்தான். போலீஸ் ஸ்டேஷன்ல ஃபோனைத் தொறந்து, என் பொண்டாட்டி விலாசத்தை அவ அத்தையே போட்டிருக்கா பாருங்கன்னு காட்டினானாம்.

உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்லுதேன்லா. கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, பூட்டல, எப்ப வேணும்னாலும் போகலாம்.

சிதம்பரம் சித்தப்பா பேரைச் சரியாச் சொன்னீங்க. அவரு மகன் பம்பாய் போனதையும் சரியாச் சொன்னீங்க. எல்லாம் மரத்துல இருந்துச்சு, படிச்சிட்டு வந்திருக்கீங்க. சித்தப்பா மகன் எனக்குத் தம்பி. தம்பி மகனுக்கு நான் யாரு? அத்தை. எங்க வீட்டுப் பிள்ளை எந்தத் தேசத்துல பொறந்து வளந்திருந்தாலும், அத்தையைப் பாக்கப் போறோம்னு சொல்லித்தான அவனைப் பெத்தவங்க அனுப்பியிருப்பாங்க? நீங்க வாசல்ல நின்னு என்னைப் பெரியம்மான்னு கூப்பிட்டீங்க. மரத்துல பேரு இருக்கும் தம்பி, முறை இருக்காது. முறையைப் பெத்தவங்கதான் சொல்லித் தரணும். இவ்வளவு நேரம் பேசினேனே, ஒரு தடவையாவது உங்களை மருமகனேன்னு கூப்பிட்டேனா? தம்பி தம்பின்னுதான கூப்பிட்டேன்.

முழிக்காத. யாரு நீ, அவன் கூட்டாளியா? கடையில வேலை பாக்கிறவனா? சொல்ல வேண்டாம், எனக்குத் தேவையில்ல. தெரிஞ்சுமா இவ காப்பி கொடுத்துப் பேசிக்கிட்டிருந்தான்னு நினைக்கிற. ஆமா, தெரிஞ்சுதான். நான் சொன்னதுல அவனுக்குத் தெரியாத சேதி ஒண்ணாவது இருக்கா, யோசிச்சுப் பாரு. தஞ்சாவூர் அவனுக்குத் தெரியும். கேட்டு முன்னாடி நடந்தது அவன் பண்ணது. உன்னை எதுக்கு உக்கார வச்சேன்னா, இந்தக் கதையை முழுசா யாரும் என் வாயால கேட்டதில்ல. கேக்கதுக்கு யாரும் வரல. நீ கேட்ட, நடுவுல எந்திரிச்சுப் போகல. அதுக்கு ஒரு காப்பி கொடுக்கலாம்.

உனக்கு அக்கா தங்கச்சி இருக்கா? இருந்தா அவ புருஷன் அவ கையை முறிக்கும்போது யாரு ஆப்பிள் வாங்கிட்டுப் போவான்னு வீட்டுக்குப் போயி யோசி.

வடிவு எங்க இருக்கான்னுதான கேட்ட. நல்லாக் கேட்டுக்க. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. தஞ்சாவூரை விட்டு எந்த ஊருக்குப் போனான்னு அவ எனக்குச் சொல்லல. தாணுவுக்குத் தெரிஞ்சிருக்கும், அவன் என்கிட்டப் பேசுறதில்ல. ஸ்டெல்லாகிட்ட கேட்டேன், உலகு, தப்பா நினைக்காத, உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு பிள்ளை சத்தியம் வாங்கியிருக்குன்னா. நான் தப்பா நினைக்கல. புத்திசாலிப் பொண்ணு. நான் வளத்தவ.

எப்பவாவது ஃபோன் வரும். யாரோ ஒருத்தர் ஃபோனை இரவல் வாங்கிப் பேசுவா, ஒவ்வொரு தடவையும் வேற நம்பர். வேணும்னா இந்தா என் ஃபோனு, எல்லாத்தையும் பாத்துக்க. சாப்ட்டீங்களா அத்தை, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா. பின்னால பஸ் ஸ்டாண்டு சத்தம் கேக்கும். கண்டக்டர் ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் தொறப்பான் பாரு, அப்ப நான் ஃபோனைக் காதுல இருந்து எடுத்துருவேன். எடுத்து மடியில கவுத்தி வச்சிருவேன். எந்த ஊரு பஸ்ஸுன்னு ஒரு தடவை கேட்டாப் போதும், எனக்கு மறக்காது. அதான் கேக்கிறதில்ல. அத்தை, அத்தை, லைன்ல இருக்கீங்களான்னு மடிக்குள்ள இருந்து அவ குரலு வரும். கொஞ்சம் பொறுத்து எடுத்து, இருக்கேன் தாயி, சிக்னல் இல்லைன்னுவேன்.

போயி அவன்கிட்டச் சொல்லு. உலகம்மாளை வெட்டிப் போட்டாலும் இந்த வீட்டுல இருந்து ஒரு ஊர் பேரு வராதுன்னு சொல்லு. சொல்ல மாட்டேன்கிறதுனால இல்ல, இங்க இல்லவே இல்ல.

ஆப்பிளை எடுத்துக்கிட்டுப் போ.

என்ன பாக்க? அவ எனக்குச் சொல்லாதது என் மேல நம்பிக்கை இல்லாமன்னு நினைக்கிறியா? அப்படித்தான் தாணுவும் சொல்லிக்கிட்டுத் திரியுதான். கிடையாது. நான் கேட்டா அவ சொல்லிருவா. இப்ப ஃபோன் வந்து, எங்க தாயி இருக்கன்னு ஒரு வார்த்தை கேட்டா, அவ எனக்குச் சொல்லிருவா.

நான்தான் கேக்கல.